கொதித்த பிறகு பெருந்தீ எதற்கு?

வீட்டில் சோறு வேகும்போது அடுப்பைக் கவனித்திருக்கிறீர்களா? உலை தளதளவென்று கொதித்த பிறகும் தீ முழு வேகத்தில் எரிந்தால், அதில் பெரும்பகுதி வீண்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. அதன்பின் எவ்வளவு தீ வைத்தாலும் வெப்பநிலை ஏறாது. அரிசியும் விரைந்து வேகாது. மிகுதி வெப்பம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். அதை ஆவியாக்கவோ சுமார் 540 கலோரி வேண்டும்! மூடி போட்டால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். "மூடினால் பொங்கி வழியுமே" என்பார் பாட்டி. உண்மைதான். தீயைத் தணித்து, மூடியைச் சற்று ஒருக்களித்து வையுங்கள். கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊற வைத்தால் இன்னும் மிச்சம்.

எரிபொருள் மட்டுமா மிச்சம்? விறகடுப்புள்ள வீட்டில் புகையைச் சுவாசிப்பவர் அம்மா. அருகில் தவழும் குழந்தையும்தான். வீட்டுக்குள் சேரும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மூடி மட்டும் இதைத் தீர்த்துவிடாது. புகைபோக்கியும் புகையில்லா அடுப்பும் தேவை. ஆனால் மூடி இன்றே கிடைக்கும்.

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். ஒரே பாத்திரம், ஒரே அளவு தண்ணீர், ஒரே தீ. முதலில் மூடாமல், பாத்திரம் ஆறிய பின் மூடி போட்டு. கொதிக்க எத்தனை நிமிடம் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.