காதில் கேளா இரைச்சல்

நுழையும்முன்

தொலைபேசி மணி ஒலித்தவுடன் இணைய இணைப்பு அறுபடுவதைப் பல வீடுகள் கண்டிருக்கின்றன. பழி பெரும்பாலும் தொலைவிலுள்ள இணைப்பகத்தின்மீது விழும். காரணமோ வீட்டு மேசையின் மீதே இருக்கக்கூடும். அக்காரணத்தையும் அதனைக் கண்டறியும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கம்பி, இரு பாதைகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. 04328, 04329 என்னும் குறியீட்டு எண்களைக் கொண்ட தரைவழித் தொலைபேசிகள் இவ்விரு ஊர்களையும் வெளியுலகோடு இணைத்தன. 2005ஆம் ஆண்டு பி.எஸ்.என்.எல். நிறுவனம் அகலக்கற்றைச் சேவையைத் தொடங்கியபோது, வீடுகளுக்கு அதற்கெனத் தனிக்கம்பி இழுக்கத் தேவை ஏற்படவில்லை. பேச்சைச் சுமந்த செப்புக்கம்பி இணையே இணையத்தையும் சுமந்தது.

பேச்சிற்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் போதும். ஏ.டி.எஸ்.எல். என்னும் அகலக்கற்றை நுட்பம் ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது. அதன் வளர்ந்த வடிவம் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை செல்கிறது. இவ்விரு பாதைகளையும் பிரித்து வைப்பது, 'ஸ்பிளிட்டர்' எனப்படும் சிறு வடிப்பான்.

இடையூறு நுழையும் வழிகள்

கம்பியில்லாத் தொலைபேசி என்னும் பெயர் முழுவதும் பொருந்துவதன்று. கையில் எடுத்துச் செல்லும் கருவிக்குத்தான் கம்பியில்லை. அதன் தளக்கருவியோ ஒருபுறம் தொலைபேசிக் கம்பியோடும் மறுபுறம் மின்சாரத்தோடும் இணைந்திருக்கிறது. எனவே, அது மூன்று வழிகளில் இணையத்தைத் தாக்கக்கூடும்.

முதலாவது, வடிப்பானைத் தவிர்த்து நேரடியாகக் கம்பியில் இணைக்கப்படுவது. அப்போது மணி ஒலிக்கையில் பாயும் ஏறத்தாழ 75 வோல்ட் மின்னழுத்தமும், பேசத் தொடங்கும் நொடியில் கம்பியில் நேரும் மின்மாற்றமும் இணையக் குறிப்பலைகளைக் குலைக்கின்றன. இரண்டாவது, தரங்குறைந்த மின்னேற்பி கசியவிடும் மின்காந்த அலைகள். மூன்றாவது, தளக்கருவியின் வானலைகள். தொடக்கக்காலக் கருவிகள் சில 1.7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளை வெளியிட்டன. இது 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும் அகலக்கற்றையின் எல்லைக்குள்ளேயே அமைகிறது.

நிலையான இரைச்சலும் திடீர் இரைச்சலும்

'இரைச்சல்' என்றால் கடலின் ஒலியும் மழையின் ஒலியும் நினைவுக்கு வரும். தகவல் தொடர்பியலில் அச்சொல் பொருள் விரிந்துள்ளது. வேண்டிய குறிப்பலையோடு கலந்துவிடும் வேண்டாத அலை எதுவாயினும், காதில் கேட்காவிடினும், அது இரைச்சலே.

எல்லா இரைச்சலும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. திருச்சிராப்பள்ளி வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு 936 கிலோஹெர்ட்ஸில் அமைந்தது. இதுவும் அகலக்கற்றையின் எல்லைக்குள் அடங்குவதே. ஆயினும், மோடம் இத்தகைய நிலையான அலையைச் சமாளித்துவிடும். அது தன் பாதையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பல சிறு தடங்களாகப் பிரித்துக்கொள்கிறது. இரைச்சல் மிகுந்த தடத்தில் சுமையைக் குறைத்து, தெளிவான தடங்களில் மிகுதியாக ஏற்றுகிறது. சாலையிலுள்ள பழகிய பள்ளத்தை ஓட்டுநர் ஒதுங்கிக் கடப்பது போன்றது இது. திடீரென எழும் இரைச்சலுக்கு இத்தகைய முன்னேற்பாடு போதாது. பிழைகள் திருத்தும் அளவை மீறும்போது மோடம் ஒத்திசைவை இழந்து, இணைப்பை முதலிலிருந்து மீண்டும் அமைக்கத் தொடங்குகிறது.

தொலைவில் இருப்போரின் இழப்பு

செப்புக்கம்பியின் நீளம் கூடக் கூடக் குறிப்பலை நலிகிறது. இணைப்பகத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டரைத் தாண்டினால் இச்சேவை பயன்படுவது அரிது. நகரின் நடுவிலுள்ள வீட்டில் வலிமையோடு வரும் குறிப்பலை சிறு இரைச்சலைத் தாங்கிக்கொள்ளும். குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் போன்ற வட்டங்களின் சிற்றூர்களில், இணைப்பகத்திற்குத் தொலைவிலுள்ள வீட்டில் அதே இரைச்சல் இணைப்பையே அறுத்துவிடும்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழியில் நடைபெறுகிறது. விருப்பப் பட்டியலைக் குறித்த காலத்திற்குள் பதிய வேண்டிய மாணவருக்கு, அறுபடும் இணைப்பு வெறும் எரிச்சலன்று. வாய்ப்பைப் பறிக்கும் தடையாகும்.

காரணம் கண்டறியும் முறை

வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 18 மாதங்கள் நாள்தோறும் காலை 7 மணிக்கு அகலக்கற்றை இணைப்பு பழுதுபட்டது. கம்பிகளை மாற்றியும் பயனில்லை. பொறியாளர்கள் அலைவரிசைப் பகுப்புக்கருவியோடு ஊரைச் சுற்றிவந்து, ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியே காரணம் என்று கண்டனர். இச்செய்தி 2020ஆம் ஆண்டு வெளியானது. நேரத்தின் ஒழுங்கே அவர்களுக்குத் துப்பாக அமைந்தது.

அதே முறையை வீட்டிலும் கையாளலாம். இணைப்பு அறுபடும் நேரத்தையும் அப்போது இயங்கிய கருவிகளையும் குறித்துவைக்க வேண்டும். பின்னர் ஒரு நேரத்தில் ஒரு கருவியை மட்டும் நீக்கிப் பார்க்க வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் பழுது நீங்கலாம். காரணம் மட்டும் தெரியாமற்போகும். தளக்கருவியை நீக்கியதும் இணைப்பு சீரானால், அதனை வடிப்பான்வழியே இணைத்து, மோடத்திலிருந்து தள்ளிவைத்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

செப்புக்கம்பி இணையின் இரு கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் படுவதால், மறுமுனையில் அது பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடுகிறது.

கம்பியிலிருந்து காற்றுக்கு

இன்று செப்புக்கம்பியின் இடத்தை ஒளியிழை பெற்று வருகிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைப்பது அரசின் திட்டமாகும். ஒளியிழையில் மின்காந்த இரைச்சல் நுழைவதில்லை. ஆனால், வீட்டிற்குள் இணையம் அருகலையாகக் காற்றில் பரவுகிறது. அருகலையும் சிலவகைக் கம்பியில்லாத் தொலைபேசிகளும் நுண்ணலை அடுப்பும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே பகுதியைப் பயன்படுத்துகின்றன. இந்திய அரசு 2005ஆம் ஆண்டு, குறைந்த ஆற்றலுள்ள கருவிகள் உரிமமின்றி இப்பகுதியைப் பயன்படுத்த வழிசெய்தது.

உரிமம் தேவைப்படாத அலைப்பகுதி, ஊர்ப் பொதுக்குளத்தைப் போன்றது. அதில் எவருக்கும் தனியுரிமை இல்லை. அதனாலேயே அனைவருக்கும் பொறுப்பு உண்டு. தரமான கருவியைத் தேர்வதும், அதனை உரிய இடத்தில் வைப்பதும், தேவையற்றபோது அணைப்பதும் தம் இணைப்பைக் காப்பதோடு அண்டை வீட்டாரின் இணைப்பையும் காக்கும்.