மனத்தை அளக்கும் கோல்

பம்பாயின் நடைபாதைகளிலும் குடிசைகளிலும் உறங்கிய ஏழைகள் பலரைக் கொன்றதாக 1968-இல் பிடிபட்ட இராமன் இராகவ் ஒரு தமிழர். 1969-இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமோ மனநோய் மருத்துவர் மூவரைக் கொண்டு அவரை ஆராயச் செய்தது. தீராத மனச்சிதைவு நோய் எனத் தெரியவே, தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. 1995-இல் கைதியாகவே இறந்தார். மருத்துவர் சொல்லுக்கு ஓர் உயிரின்மேல் எத்துணை வலிமை உண்டென்பதற்கு நம் நகரிலேயே சான்று இருக்கிறது.

நிற்க. நான் சொல்ல வந்த 'சைக்கோபதி' என்பது வேறு. மனச்சிதைவில் இல்லாத குரல் கேட்கும், இல்லாத பகை தோன்றும். சைக்கோபதியிலோ அறிவு தெளிவாகவே இருக்கும். இரக்கமும் குற்றவுணர்வும் இரா. (நம் திரைப்படங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டன!) கனடா நாட்டு உளநூல் அறிஞர் இராபர்ட் ஹேர் இதனை அளக்க 20 கூறுகள் கொண்ட பட்டியலொன்றை வகுத்தார். கூறு ஒன்றுக்கு 0, 1 அல்லது 2 மதிப்பெண், மொத்தம் 40. முப்பதைத் தொட்டவரைச் சைக்கோபத் என்பது வழக்கம். வட அமெரிக்காவில், கைதியைப் பரோலில் விடலாமா என்று முடிவு செய்வோர் முன் இவ்வெண் வைக்கப்படுவதுண்டு.

நான் இயற்பியல் மாணவன். ஒரு கருவியைத் தொடுமுன், அது அளப்பது எதனை, அதன் பிழை எவ்வளவு என்று கேட்கப் பழகியவன். இப்பட்டியலில் சிறுவயதுத் தீயொழுக்கம், இளமைக் குற்றம், பலவகைக் குற்றங்கள் செய்தமை ஆகியவை இடம்பெறுகின்றன. எல்லாம் நடந்து முடிந்தவை. இருபதாண்டு சிறையில் ஒழுங்காக இருந்து, தொழிலும் கற்றவனுக்குக்கூட அவ்வெண்கள் குறையா. பரோல் குழு கேட்பதோ, 'இவன் மாறினானா?' என்பது. உதறாத வெப்பமானியை வாயில் வைத்தால் நேற்றைய காய்ச்சலைத்தானே காட்டும்?

பிழையைப் பார்ப்போம். 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே கைதிகளின் கோப்புகள் பல வல்லுநரிடம் தரப்பட்டன. 'அரசுத் தரப்புக்காகப் பார்க்கிறீர்கள்' என்று சொல்லப்பட்டவர்கள், எதிர்த்தரப்புக்காகப் பார்த்தவர்களைவிட மிகுதியான எண் இட்டார்கள். கோல் ஒன்றே, பிடித்த கைக்கேற்ப நீண்டது!

நம் நாட்டில் இன்னும் இப்பட்டியல் பரோலுக்குக் கட்டாயமன்று. ஆயினும் வாயில் திறந்தே இருக்கிறது. ஆயுள் கைதியின் முன்விடுதலையில், அவர் மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பை எண்ணிப் பார்க்க வேண்டுமென 2000-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. தூக்கு விதிக்குமுன் உளநிலை அறிக்கை பெறவேண்டுமென்று 2022-இல் பணித்தது. பின்னதை நான் வரவேற்கிறேன்; அது இரக்கத்துக்கு வழி திறப்பது.

எனக்கு அச்சம் எங்கே? தாராவித் தமிழர் ஒருவர் சோதனைக்கு அமர்கிறார் என்று கொள்வோம். கிடைத்த வேலையைச் செய்து, ஆறு மாதத்துக்கோர் அறை மாறியவர். பட்டியலில் 'நெடுநாள் குறிக்கோள் இன்மை' என்றொரு கூறு உண்டு. தாய் இறந்ததைத் தெரிந்த நான்கு மராத்திச் சொற்களில் சொல்கிறார். 'உணர்ச்சி ஆழமின்மை' என்றும் ஒரு கூறு உண்டு. வறுமைக்கும் மொழிக்கும் மதிப்பெண் விழாது என்று யார் உறுதி தருவார்?

"அப்படியானால் எல்லோரையும் திறந்துவிடச் சொல்கிறாயா?" என்றார் மாட்டுங்காவில் தங்கிச் சட்டம் பயிலும் நண்பர். இல்லை. எண் மிகுந்தோரிடையே மறுபடி குற்றம் செய்வோரும் மிகுதி என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அது கூட்டத்தின் கணக்கு. எதிரே நிற்பவர் ஒருவர். ஆகவே சோதிப்பவர் கைதியின் மொழி அறிந்தவராக இருக்கட்டும். இருவர் தனித்தனியே எண் இடட்டும். அறிக்கையின் படி கைதிக்கும் அவர் வழக்கறிஞருக்கும் கிடைக்கட்டும். அதற்குப் பிறகு அந்த எண்ணைக் குழுவின் மேசைமீது வைக்கலாம், சிறையில் அவர் கழித்த ஆண்டுகளின் பதிவேட்டுக்கு அடியில்.