'பிரிசூம்' என்னும் ஆங்கிலச் சொல்லும் கருதலளவையும்

ஆங்கிலம் பயின்ற மாணவர் சிலர் 'பிரிசூம்' என்னுஞ் சொல்லை அனுமானம் என்றே மொழிபெயர்க்கின்றனர். அங்ஙனம் பெயர்ப்பின், தோன்றி நின்று ஒடுங்கும் உலகமாகிய காரியங்கொண்டு அதற்குக் கருத்தா உண்டெனத் துணியும் சிவஞானபோத முதற் சூத்திரமும், சான்றின்றி எடுத்துக்கொண்டதோர் கோள் போலத் தோன்றும். ஆதலின் அச்சொல்லின் பொருளை ஈண்டு ஆராய்வாம்.

இலத்தீன் மொழியில் 'பிரை' என்பது முன் எனவும், 'சூமெரே' என்பது எடுத்தல் எனவும் பொருள்படும். இவ்விரண்டுங் கூடிப் பிறந்த இச்சொல், முழுச்சான்று கிடைக்குமுன் ஒன்றை உண்மையெனக் கொள்ளுதலை உணர்த்தும். உரிமையின்றித் துணிதலென்னும் பொருளும் இதற்குண்டு. இதனோடொத்த 'அஸ்யூம்' என்பதோ, ஏது சிறிதுமில்லாதவழியும், ஆராய்ச்சி தொடங்குதற்பொருட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுதற்கண் வழங்கும்.

வழக்கு மன்றத்தில் இச்சொல்லின் ஆட்சி தெளிவாக விளங்கும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 'கொள்ளலாம்', 'கொள்ளல் வேண்டும்', 'முடிந்த சான்று' என மூன்று நிலை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்து வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் அவற்றைக் கைக்கொண்டுள்ளது. ஒருவனைப்பற்றிய செய்தி, அதனை இயல்பாகக் கேட்டிருக்கவேண்டியவர்க்கு ஏழாண்டு எட்டாதாயின், அவன் உயிரோடுளன் என்பாரே அதனை மெய்ப்பித்தல் வேண்டும். அவன் திரும்பி வந்து நிற்பின், இறந்தானென்ற கோள் அப்பொழுதே வீழும்.

கருதலளவை இத்தன்மைத்தன்று. அது நெருப்பின்றிப் புகையின்மை போலும் விட்டுநீங்கா இயைபைப் பற்றி நிற்பது. தீர்த்தமலையில் மழை பெய்யாத பொழுதும் பாறையினின்று இராமதீர்த்தம் வீழக் காண்கின்றோம். அதுகொண்டு, மலையகத்தே நீர்நிலை உண்டெனத் துணிகின்றோம். அந்நிலையைக் கண்ணாற் கண்டிலேமாயினும், வீழும் நீரே அதற்கு ஏதுவாயிற்று.

இனி, பகலுண்ணாத தேவதத்தன் பருத்திருத்தல் கண்டு இரவுண்பான் எனக் கொள்வது அருத்தாபத்தி. இதனைப் பொருளென்றுங் கூறுப. மீமாஞ்சகர் தனியளவையாகக் கொண்ட இதனை, அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் எண்ணி, பிறவற்றோடு காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். ஆங்கில நூலார் சிலர் அருத்தாபத்தியைப் 'பிரிசம்ஷன்' என்று பெயர்த்தமையும் இம்மயக்கத்திற்கு ஒரு காரணமாம்.

ஆகவே 'பிரிசூம்' என்பதனை 'முற்கோள் கொள்ளுதல்' என்றும், 'இன்பர்' என்பதனைக் 'கருதியறிதல்' என்றும் பெயர்த்தல் தகும். முற்கோள் மறுசான்று வருந்துணையும் நிற்பது. கருதல் இயைபு உள்ள துணையும் நிற்பது. இவ்வேற்றுமையை மாணவர் கடைப்பிடிப்பாராக.