மூச்சு விடச் சொல்ல ஒருவர்

மதுரை

அன்புள்ள அகிலன்,

போன ஞாயிறு நீ கேட்ட கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். உனக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே உன் பள்ளிப் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருப்பாள். அதனால் எழுதுகிறேன். "வேப்புல நிக்கோட்டின்தானே சித்தி இருக்கும்? ஹெராயின் மாதிரி சரக்கெல்லாம் அதுக்குள்ள எப்படி வரும்?" என்றாய். நீ இழுக்கிறாயா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் பொய் சொல்வாய், நானும் நம்பியதுபோல நடிக்கவேண்டியிருக்கும். உன் கேள்வி நல்ல கேள்வி, அதற்குப் பதில் சொல்கிறேன்.

அந்தக் கருவியில் இருப்பது ஒரு பேட்டரி, சூடேறும் ஒரு கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம். திரவத்தில் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். எத்தனையோ மருந்துகள் இவற்றில் கரையும். கரைந்தபின் நிறமும் மாறாது, மாம்பழ எசன்ஸைத் தாண்டி வாசனையும் வராது. கம்பிச் சுருளுக்குத் தான் எதைச் சூடாக்குகிறோம் என்று தெரியாது. இழுப்பவருக்கும் தெரியாது. பல நேரம் விற்பவருக்கே தெரியாது.

இது முன்பே நடந்திருக்கிறது. 2019-ல் அமெரிக்காவில் திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு வர ஆரம்பித்தார்கள். கஞ்சாச் சத்தான டி.எச்.சி. அடைத்துத் திருட்டுத்தனமாக விற்ற வேப்களில், திரவம் கெட்டியாகத் தெரியட்டும் என்று வைட்டமின் ஈ அசிட்டேட்டைக் கலந்திருந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர் கணக்கில் வந்தார்கள். அதில் 68 பேர் இறந்தவர்கள். கலந்தது போதை மருந்துகூட இல்லை, வெறும் கலப்படம். பிறகு இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்து வேதியியலாளர் கிறிஸ் பட்னி, 38 பள்ளிகளில் மாணவர்களிடமிருந்து பறிமுதல் செய்த வேப்களைச் சோதித்தார். ஆறில் ஒன்றில் 'ஸ்பைஸ்' என்ற செயற்கைக் கஞ்சா இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் டி.எச்.சி. என்று நினைத்தே வாங்கியிருப்பார்கள்.

இனி நீ கேட்ட சரக்குக்கு வருகிறேன். அதன் பெயர் நைட்டசீன். ஒரே பொருள் அல்ல, ஹெராயினும் மார்ஃபினும் சேர்ந்த ஓபியாய்டு வகையில் ஒரு பெரிய குடும்பம். 1950-களின் பிற்பகுதியில் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா என்ற மருந்து நிறுவனம் மார்ஃபினைவிட நல்ல வலிநிவாரணி தேடியபோது கண்டுபிடித்தவை இவை. அவற்றில் எட்டோனிட்டசீன் என்பது விலங்குச் சோதனைகளில் மார்ஃபினைப்போல ஆயிரம் மடங்கு வீரியம் காட்டியது. வலியைப் போக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு என்பதால் இவற்றில் ஒன்றுகூட மருந்துக்கடைக்கு வரவில்லை. ஆய்வுக் கட்டுரைகள் மட்டும் நூலகங்களில் அறுபது ஆண்டுகள் கிடந்தன. 2019-ல் சீனா, ஃபென்டனில் என்ற இன்னொரு ஓபியாய்டின் வகை மருந்துகள் அத்தனையையும் ஒட்டுமொத்தமாகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அந்தச் சமயத்தில்தான் ஐசோடோனிட்டசீன் தெருச் சந்தைகளில் தலைகாட்டியது. ஒரு கதவை மூடினால் பழைய கட்டுரையைப் புரட்டி இன்னொரு கதவைத் திறந்துவிடுகிறார்கள். தடைச் சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மட்டுமே போதும் என்று நினைப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

பிரிட்டனில் 2023 ஜூனிலிருந்து 2025 ஜனவரி வரை நைட்டசீனோடு தொடர்புடைய சாவுகள் குறைந்தது 400 என்று அந்நாட்டுத் தேசியக் குற்றத் தடுப்பு அமைப்பு சொன்னது. பெரும்பாலும் ஹெராயினிலும் போலி மாத்திரைகளிலும் கலந்து வந்தவை. வேப்பின் பங்கு அதில் சிறிது. ஆனால் நீ இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் வேப் திரவத்திலேயே நைட்டசீன் இருப்பது தெரியவந்து, மாநிலச் சுகாதாரத் துறை எச்சரிக்கை விட்டிருக்கிறது. எல்லா வேப்பிலும் விஷம் இருக்கிறது என்று உன்னைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொன்னால், விஷமில்லாத ஒன்றை எவனாவது இழுத்துக் காட்டிய அன்றே நான் சொன்னதெல்லாம் கிழவிக் கதை ஆகிவிடும்.

இது எப்படிக் கொல்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் என் தொழில். ஃபென்டனில் ஆம்பூலை நீ பார்த்ததில்லை. இரண்டு மில்லி தண்ணீர்போல இருக்கும், அதில் மருந்து 100 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆளின் எடையைக் கேட்டு, கிலோவுக்கு ஒன்றோ இரண்டோ மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டு, ஆக்சிஜனும் மூச்சுக்குழாயும் வென்டிலேட்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் கொடுப்பேன். கொடுத்ததும் சிலருக்கு விசித்திரமான ஒன்று நடக்கும். கண் திறந்திருக்கும், பேர் கேட்டால் சொல்வார்கள், நெஞ்சு மட்டும் அசையாது. மூச்சு விட மறந்துவிடுவார்கள். "அம்மா, மூச்சு விடுங்க" என்றால் ஒருமுறை இழுத்து விடுவார்கள். அவ்வளவுதான். மறுபடி சொன்னால் மறுபடி ஒன்று. இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது மூளைத்தண்டு தானாகவே "இழு" என்று உத்தரவு போடவேண்டும். ஓபியாய்டு அந்த உத்தரவைத்தான் அமுக்குகிறது. திணறல் இருக்காது, தவிப்பு இருக்காது, காற்று வேண்டும் என்ற ஆசையே போய்விடும்.

ஆபரேஷன் தியேட்டரில் மூச்சு நிற்பது தினசரி சமாசாரம். அதற்காக யாரும் பதறுவதில்லை. முகமூடியை வைத்துப் பையை அமுக்கினால் காற்று போகும், மருந்து இறங்கும்வரை அமுக்கிக்கொண்டிருப்போம். அதே மருந்து, அதே நிலை, ஒரு பார்ட்டியில் மூலையிலிருக்கும் சோபாவில் நடந்தால் நான்கைந்து நிமிடங்களில் மூளை பாழாகத் தொடங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பக்கத்தில் மூச்சைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பதில்தான் இருக்கிறது.

வேப்பில் வேகமும் சேர்ந்துகொள்கிறது. மாத்திரை விழுங்கினால் வயிறு, குடல், கல்லீரல் என்று சுற்றி, வழியில் கொஞ்சம் சிதைந்துதான் மூளைக்குப் போகும். நுரையீரல் வழியாகப் போனால் நேரே இதயத்தின் இடப்பக்கம், அங்கிருந்து சில நொடிகளில் மூளை. ஊசி போட்டதற்கு ஏறக்குறைய சமம். நைட்டசீன் கொழுப்பில் கரையும் ரகம் என்பதால் மூளைக்குள் நுழையத் தடையும் குறைவு. ஓபியாய்டே தொட்டிராத உன் வயசுப் பையனுக்கு அதைத் தாங்கும் பழக்கம் துளியும் கிடையாது. ஹெராயின் பழகியவன் ஒருவேளை தப்பிக்கும் அளவில் அவன் விழுந்துவிடுவான்.

இடையில் சிங்கப்பூரைப் பற்றியும் சொல்லவேண்டும், அந்த ஊர் நாளிதழான தமிழ் முரசைத் திறந்தால் வேப்தான் செய்தியாக இருந்தது. அங்கே 2018 முதல் வேப் வைத்திருப்பதே குற்றம். ஆனாலும் 2025-ல் பறிமுதல் செய்தவற்றில் நூறு சொச்சத்தைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்தது. கேபாட் என்பது அதன் தெருப் பெயர். செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். செய்தியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, அது என்னுடைய அலமாரி மருந்து. இதயம் பலவீனமானவர்களைத் தூங்கவைக்க ஒரே ஒரு ஊசி போடுவோம். அதற்குமேல் தர பயப்படுவோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் அதைத் தொடர்ந்து ஏற்றிய நோயாளிகள் அதிகம் சாகிறார்கள் என்று 1983-லேயே கிளாஸ்கோ மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் சுரப்பதை அது தடுக்கிறது, உடம்பு நெருக்கடியைத் தாங்கும் சக்தியை இழக்கிறது. ரயிலில் கைகால் வெட்டி வெட்டி இழுக்க ஆடும் பிள்ளைகளின் வீடியோக்கள் உனக்கும் வந்திருக்கும். அந்த வெட்டலை நாங்கள் தியேட்டரில் பார்ப்போம், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். எட்டோமிடேட் ஓபியாய்டு அல்ல. அது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

உன் ஊர்ச் சட்டத்திலேயே ஒரு அடையாளம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் வேப்பை மருந்துக்கடையில் மட்டுமே விற்கலாம். புதினா, மென்தால், புகையிலை என்ற மூன்றைத் தவிர வேறு சுவைக்கு அனுமதி இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் மருத்துவர் சீட்டு வேண்டும். ஆகவே உன் வகுப்பில் கைமாறும் தர்பூசணியும் லிச்சியும், கவர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், யாரும் சோதிக்காத வழியாக வந்தவை. பேக்கிங்கைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல என்னாலும் முடியாது. 'டி.எச்.சி. இருக்கு', 'தூக்கம் நல்லா வரும்' என்று காதோடு சொல்லி விற்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, அங்கேதான் ஏமாற்றுக்கு இடம் அதிகம்.

இனி வருவதை இரண்டு முறை படி. யாராவது வேப் இழுத்தபின் தலை தொங்கி, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கிடந்தால் முதலில் நெஞ்சைப் பார். நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவாக மூச்சு வந்தால் ஆபத்து. தொண்டையில் களகளவென்ற சத்தமோ வழக்கத்துக்கு மாறான குறட்டையோ வந்தால் அது தூக்கம் அல்ல, காற்று வழி அடைபடுகிறது. "தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்" என்று போர்வை போர்த்திவிட்டு நண்பர்கள் நகர்ந்துபோவதால்தான் பல உயிர்கள் போகின்றன. கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கலாம். உதடு நீலமாகும் என்று உங்கள் ஊர்த் துண்டறிக்கைகளில் இருக்கும். நம் நிறத்தில் அது சரியாகத் தெரியாது. உதட்டின் உள்பக்கத்தையும் ஈறையும் நகக்கண்ணையும் பார், சாம்பல் பூத்திருக்கும்.

தோளை உலுக்கிப் பேரைச் சொல்லிக் கத்து. மார்பெலும்பை முஷ்டியால் அழுத்தித் தேய். அசையவில்லை என்றால் 000-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிடு, அந்தப் பக்கம் பேசுபவர் அடுத்தடுத்து என்ன செய்வதென்று சொல்வார். என்ன இழுத்தான் என்று ஒளிக்காமல் சொல். ஆம்புலன்ஸில் வருகிறவர்களுக்கு அவன் மூச்சுதான் கவலை, வழக்கு அல்ல. நாலோக்சோன் ஸ்பிரே இருந்தால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து ஒரு மூக்குத் துளையில் முழுவதும் அடி. அது ஓபியாய்டை மூளையிலிருந்து தள்ளிவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் அடுத்த துளையில் இன்னொன்று. நைட்டசீனுக்கு ஒன்றுக்கு மேல் தேவைப்படுவது உண்டு. உள்ளே இருப்பது எட்டோமிடேட் என்றால் நாலோக்சோன் வேலை செய்யாது. ஆனால் கெடுதலும் செய்யாது, அதனால் யோசிக்காமல் அடி. இரண்டிலுமே உயிரைப் பிடித்துவைப்பது காற்றுதான். மோவாயைத் தூக்கி மூச்சு வழியைத் திற. மூச்சே இல்லையென்றால் போனில் சொல்கிறபடி வாயோடு வாய் வைத்து ஊது. மூச்சு வந்துவிட்டால் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வை, வாந்தி நுரையீரலுக்குள் போகாமல் இருக்கும். அவன் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்" என்று சிடுசிடுப்பான். விடாதே. நாலோக்சோன் முப்பது முதல் தொண்ணூறு நிமிடத்தில் தேய்ந்துவிடும், நைட்டசீன் அதற்குப் பிறகும் உள்ளே இருக்கலாம். இரண்டாம் முறை மூச்சு நிற்கும்போது அவன் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருப்பான்.

நாலோக்சோன் உங்கள் நாட்டில் 2022 ஜூலை முதல் இலவசம். இந்தத் திட்டத்தில் இருக்கும் மருந்துக்கடைகளில் சீட்டு இல்லாமல் கொடுப்பார்கள், பேர்கூடக் கேட்கமாட்டார்கள். உனக்கென்று மட்டுமில்லை, பிறருக்கு உதவவும் வாங்கலாம். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகக் கேள், பெட்டியின் காலாவதித் தேதியைப் பார், வெயிலில் காரில் விட்டுவைக்காதே. கேட்கக் கூச்சமாக இருந்தால் உன் அம்மாவையே வாங்கிவரச் சொல்கிறேன். அவளுக்கு இன்று இரவு போன் செய்து, பையைக் குடையாமல் இருக்க ஒப்புக்கொள்ள வைக்கிறேன். அது என் பொறுப்பு.

அன்புடன்,
சித்தி