மைக்ரோவேவ் அடுப்பின் பவரை கம்ப்யூட்டர் கொண்டு அளப்போம்

சேலம் மாவட்டம் தம்மம்பட்டி மரச்சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். வாகை, மாவிலங்கை போன்ற மரங்களில் சாமி சிலைகளும் கதவு வேலைப்பாடுகளும் செதுக்கும் கைவினைஞர்கள் அங்கு பலர் உள்ளனர். மரம் சரியாகக் காயும் முன் உளி வைத்தால் சிலை விற்றுப் போன பிறகு வெடிப்பு விடும். மரத்தில் எவ்வளவு ஈரம் உள்ளது என்பதை வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு, எலக்ட்ரானிக் தராசு, கம்ப்யூட்டர் ஆகிய மூன்றையும் வைத்து நாமே கண்டுபிடிக்கலாம். அதற்கு முதலில் அடுப்பின் பவரை நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுப்பு பவரைக் குறைப்பது எப்படி?

அடுப்பில் 30 சதவீதம் என்று அமைத்தால், மைக்ரோவேவின் பலம் குறைகிறது என்றே பலரும் நினைக்கின்றனர். சாதாரண அடுப்பில் அப்படி நடப்பதில்லை. உள்ளே இருக்கும் மேக்னட்ரான் என்னும் குழாய் முழு பவரில் சிறிது நேரம் வேலை செய்யும். பிறகு சிறிது நேரம் ஓய்வெடுக்கும். 20 விநாடிச் சுற்று என்றால் 6 விநாடி ஓடும், 14 விநாடி நிற்கும். காது கொடுத்துக் கேட்டால் உறுமல் சத்தம் கூடிக் குறைவது தெரியும். இந்த வேலையைச் செய்வது பட்டன்களுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறிய மைக்ரோ கண்ட்ரோலர். அதாவது, உங்கள் அடுப்பில் ஏற்கனவே ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கிறது.

அப்படியானால் நம் கம்ப்யூட்டரை இணைத்து, விநாடிக்குப் பலமுறை ஆன், ஆஃப் செய்து பவரைத் துல்லியமாக்கலாமே என்று தோன்றும். இது நடக்காது. மேக்னட்ரானின் உள்ளே உள்ள இழை சூடான பிறகுதான் அலைகள் பிறக்கும். அதற்கு ஏறக்குறைய 2 விநாடி ஆகும். இழைக்கும் உயர் மின்னழுத்தத்திற்கும் ஒரே டிரான்ஸ்பார்மர்தான் மின்சாரம் தருகிறது. எனவே, வேகமாக ஆன், ஆஃப் செய்தால் இழை சூடாகவே ஆகாது.

இன்வெர்ட்டர் வகை அடுப்புகள் இதற்குத் தீர்வாக வந்தவை. பானாசோனிக் நிறுவனம் 1988ல் இவற்றை அறிமுகம் செய்தது. பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக, விநாடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை வெட்டி இணைக்கும் சர்க்யூட் இதில் உள்ளது. 30 சதவீதம் என்றால் குறைந்த பவர் விடாமல் கிடைக்கும். துல்லியம் வேண்டுவோர் இந்த வகையை வாங்குவதே நல்லது.

எச்சரிக்கை: அடுப்பைத் திறக்க வேண்டாம். உள்ளே உள்ள கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 2,000 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். பழைய அடுப்பின் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, மரப்பலகையில் மின்னல் போன்ற கோடுகளை எரித்து உருவாக்கும் முறை ஒன்று உண்டு. இதில் பலர் உயிரிழந்துள்ளதால், அமெரிக்க மரக்கடைசல் கலைஞர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதற்குத் தடை விதித்துள்ளது. மரவேலை செய்பவர்கள் இதை முயன்று பார்க்கவே கூடாது.

உண்மையான பவர் எவ்வளவு?

அடுப்பைத் திறக்காமலே பவரை அளக்கலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் சரியாக 1 லிட்டர் தண்ணீர் எடுத்து, சமையல் தெர்மாமீட்டரால் வெப்பநிலையைக் குறிக்கவும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்குப் பயன்படாது. முழு பவரில் 120 விநாடி வைத்து, வெளியே எடுத்து, கலக்கிவிட்டு மீண்டும் அளக்கவும். தெர்மாமீட்டரை அடுப்பின் உள்ளே விட்டுவிடாதீர்கள்.

இப்போது எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, ஒரு வரிசையில் முதல் வெப்பநிலை, கடைசி வெப்பநிலை, விநாடி என மூன்று எண்களையும் அடுத்தடுத்த செல்களில் டைப் செய்யவும். நான்காவது செல்லில் =( என டைப் செய்து, கடைசி வெப்பநிலை உள்ள செல்லில் கிளிக் செய்யவும். கழித்தல் குறி போட்டு, முதல் வெப்பநிலை உள்ள செல்லில் கிளிக் செய்யவும். பின் )*4190/ என டைப் செய்து, விநாடி உள்ள செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டவும். கிடைப்பது வாட் கணக்கில் பவர். 1 லிட்டர் தண்ணீரின் சூட்டை 1 டிகிரி உயர்த்த சுமார் 4,190 ஜூல் தேவை என்பதே இதன் அடிப்படை.

உதாரணமாக, 28 டிகிரி 51 ஆனால் விடை 803 வாட். அடுத்து 30 சதவீதத்தில் 360 விநாடி வைத்துப் பாருங்கள். 15 டிகிரி மட்டும் உயர்ந்தால் சுமார் 175 வாட். முழு பவரில் 30 சதவீதம் 240 அல்லவா? மீதி எங்கே? ஒவ்வொரு முறையும் இழை சூடாகும் நேரம் வீணாவது இதற்கு முக்கிய காரணம். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு வரிசை தயாரித்து சேவ் செய்துகொண்டால், அது உங்கள் அடுப்புக்கே உரிய பவர் அட்டவணை ஆகிவிடும்.

மரத்தின் ஈரம்

பலகையின் நுனி சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் நடுப்பகுதியிலிருந்து 1 செ.மீ. கனத்தில் ஒரு வில்லை வெட்டி எடை பார்க்கவும். அட்டவணையில் 200 வாட்டுக்குள் வரும் லெவலில் 1 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மீண்டும் எடை பார்க்கவும். ஒவ்வொரு எடையையும் கீழ்க்கீழே உள்ள செல்களில் டைப் செய்யவும். அடுத்தடுத்து இரண்டு முறை எடை மாறவில்லை என்றால் மரம் முழுதும் காய்ந்துவிட்டது. அந்த எண்களை செலக்ட் செய்து லைன் சார்ட் போட்டால், கோடு சரிந்து வந்து படுப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

முதல் எடையிலிருந்து கடைசி எடையைக் கழித்து, கடைசி எடையால் வகுத்து, 100ஆல் பெருக்கவும். 62 கிராம் 50 ஆனால் ஈரம் 24 சதவீதம். வீட்டுக்குள் வைக்கும் சிலைக்கு 12 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. எனவே இந்தப் பலகை இன்னும் நிழலில் காய வேண்டும்.

வில்லை பழுப்பானாலோ புகை வந்தாலோ உடனே நிறுத்திவிட்டுப் புதிய வில்லையில் தொடங்கவும். ஈரத்தோடு மரமும் கருகினால் கணக்கு தவறிவிடும். வேலை முடியும் வரை அடுப்பை விட்டு நகராதீர்கள். செதுக்க வேண்டிய பலகையையே உள்ளே வைத்துக் காய வைக்கவும் முயல வேண்டாம். வெட்டிய வில்லை மட்டும் போதும். பலகையின் ஈரத்தை அதுவே காட்டிவிடும்.