செம்பனைச் சத்தும் கட்டியின் இரத்த நாளமும்

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கிலிருந்து கோத்தா திங்கி நோக்கிப் பயணம் செய்தால், செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். தொழிலாளர்கள் நீண்ட கம்பின் நுனியில் பொருத்திய அரிவாளால் பழக்குலைகளை வெட்டித் தள்ளுவர். லோரிகள் அவற்றை ஆலைக்கு ஏற்றிச் செல்லும். அங்குப் பிழிந்தெடுக்கப்படும் எண்ணெய் முதலில் செக்கச் சிவந்திருக்கும். நம் தாத்தா பாட்டியர் பலர் வியர்வை சிந்தி உழைத்த இத்தோட்டங்களின் எண்ணெய்க்கும் புற்றுநோய் ஆய்வுக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா?

இத்தொடர்பை அறிய, முதலில் கட்டி எவ்வாறு வளர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும்போது கட்டி உண்டாகிறது. பெருகும் உயிரணுக்களுக்கு உணவும் உயிர்வளியும் தேவை. இவற்றைக் கொண்டு வருவது இரத்தம். இரத்த நாளம் எட்டாத கட்டி ஓரிரு மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடும். அது கடுகளவே ஆகும். 1971ஆம் ஆண்டில் ஜூடா ஃபோக்மன் எனும் அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். கட்டி தனக்கு வேண்டிய இரத்த நாளங்களைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. அந்த வழியை அடைத்துவிட்டால் கட்டி வளராது என்றார் அவர். அக்காலத்தில் பலர் இக்கருத்தை ஐயத்துடனே நோக்கினர்.

புதிய குடியிருப்புப் பகுதி ஒன்றை எண்ணிப் பாருங்கள். வீடுகள் பெருகினால், பெரிய குழாயிலிருந்து கிளைக் குழாய்களை அமைத்து நீர் கொண்டு வருவார்கள் அல்லவா? கட்டியும் இவ்வாறே செய்கிறது. உயிர்வளி குறைந்ததும், அது ‘விஇஜிஎஃப்’ எனும் புரதத்தை வெளியிடுகிறது. அருகிலுள்ள இரத்த நாளங்களின் உட்சுவர் உயிரணுக்களுக்கு இப்புரதம் ஓர் அழைப்பைப் போன்றது. அவை இடம்பெயர்ந்து, பெருகி, சிறு குழாய்களாக இணைந்து, கட்டியை நோக்கி நீள்கின்றன. இச்செயலே இரத்த நாளப் பெருக்கம் எனப்படுகிறது. 2004ஆம் ஆண்டில் இப்புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப் எனும் மருந்தைப் பெருங்குடல் புற்றுநோய்க்குப் பயன்படுத்த அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஃபோக்மனின் கருத்து வெறும் கற்பனையன்று என்பது உறுதியாயிற்று.

மருந்து செய்யும் இவ்வேலையை உணவிலுள்ள சத்துகளும் செய்யுமா? இக்கேள்வியே ஆய்வாளர்களை வைட்டமின் ஈ பக்கம் திருப்பியது. 1922ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட வைட்டமின் ஈ ஒரே பொருளன்று. எட்டு உறுப்பினர்களைக் கொண்ட ஒரு குடும்பம் எனலாம். அவற்றுள் நான்கு டோகோஃபெரோல்கள். மற்ற நான்கு டோகோட்ரையெனோல்கள். கடைகளில் விற்கப்படும் வைட்டமின் ஈ மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது டோகோஃபெரோலே. டோகோட்ரையெனோலோ சில உணவுகளில் மட்டுமே மிகுதியாக உள்ளது. செம்பனை எண்ணெயும் அரிசித் தவிட்டு எண்ணெயும் அவற்றுள் அடங்கும்.

சிலாங்கூர் மாநிலம், பாங்கியில் தலைமையகம் கொண்ட மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தில், முனைவர் கலாநிதி நேசரத்தினமும் அவருடைய குழுவினரும் டோகோட்ரையெனோலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். மார்பகப் புற்றுநோயே அவர்களின் முதன்மை ஆய்வுப்பொருள். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களின் ஆய்வு இரத்த நாளப் பெருக்கத்தைப் பற்றியது. அவர்கள் படிப்படியாகச் சோதனை செய்தனர். மனிதத் தொப்புள்கொடியின் இரத்த நாளத்திலிருந்து பெறப்பட்ட உயிரணுக்களை முதலில் கண்ணாடித் தட்டில் வளர்த்தனர். டோகோட்ரையெனோல் சேர்த்தபோது, அவை பெருகுவதும் இடம்பெயர்வதும் குறைந்தன. அடுத்து, கருவுற்ற கோழி முட்டையைப் பயன்படுத்தினர். முட்டை ஓட்டிற்குள் வளரும் மெல்லிய சவ்வில் இரத்த நாளங்கள் கிளை பரப்புவதைக் கண்ணாலேயே காணலாம். அங்கும் புதிய நாளங்கள் குறைந்தன. மூன்றாவதாக, கட்டியுள்ள எலிகளுக்கு இச்சத்தைக் கொடுத்தனர். கட்டியின் வளர்ச்சி குன்றியது. இரத்தத்தில் விஇஜிஎஃப் அளவும் இறங்கியது.

செம்பனைத் துறையைச் சார்ந்த வாரியமே செம்பனைச் சத்தைப் புகழ்ந்தால் நம்பலாமா என நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். அதனால்தான், ஒரு முடிவைத் தொடர்பில்லாத வேறு ஆய்வுக்கூடங்களும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் இதனைச் சோதித்தனர். டோகோட்ரையெனோல் குழாய் உருவாவதைத் தடுக்கிறது என்று அவர்கள் கண்டனர்.

அப்படியானால் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டதா? இல்லை. தட்டில் உள்ள உயிரணுக்களின்மீது சத்து நேரடியாகவே படுகிறது. நாம் உண்ணும் சத்தோ குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்து, உடலெங்கும் பரவிய பின்பே கட்டியை அடையும். அதற்குள் அதன் அளவு வெகுவாகக் குறைந்துவிடக்கூடும். மேலும், எலி மனிதனன்று. ஆகவே, மனிதர்களிடமும் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

கலாநிதி நேசரத்தினத்தின் குழுவினர் அதனையும் செய்தனர். தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய் கண்ட 240 மலேசியப் பெண்கள் அந்த ஆய்வில் பங்கேற்றனர். எல்லாருக்கும் தாமோக்சிஃபென் எனும் வழக்கமான மருந்து வழங்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அதனுடன் டோகோட்ரையெனோலும் கொடுக்கப்பட்டது. முடிவு 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறக்காமல் இருந்தவர்கள், சத்து பெற்ற பிரிவில் 98.3 விழுக்காட்டினர், மற்றப் பிரிவில் 95 விழுக்காட்டினர்.

பார்த்தவுடன் சத்து வென்றுவிட்டது போலத் தோன்றும். ஆனால், இரு பிரிவுகளிலும் சேர்த்து மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் எட்டுப் பேர் மட்டுமே. நாணயத்தை எட்டு முறை சுண்டினால் ஆறு முறை பூ விழுவதும் உண்டு. அதை வைத்து அந்த நாணயம் கோணலானது என்று கூற இயலாது. அதுபோலவே, இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கலாம். புள்ளியியல்படி இது சத்தின் பயனை மெய்ப்பிக்கவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினர். பல்லாண்டு உழைத்தவர்கள் தங்களுக்குச் சாதகமாக எண்களை வளைக்காமல் உள்ளதை உள்ளவாறு கூறினர். அறிவியல் நேர்மை என்பது இதுதான்.

சத்துதானே, கூடுதலாக உட்கொண்டால் என்ன கேடு எனச் சிலர் எண்ணுவர். வட அமெரிக்காவில் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிக அளவில் ஆல்ஃபா டோகோஃபெரோல் மாத்திரை உட்கொண்டவர்களிடையே புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியிருந்தது. நோயைத் தடுக்கும் என எதிர்பார்த்த மாத்திரையே இவ்வாறு செய்தது. மேலும், புதிய இரத்த நாளங்கள் கட்டிக்கு மட்டும் தேவைப்படுபவை அல்ல. காயம் ஆறுவதற்கும் கருவில் குழந்தை வளர்வதற்கும் அவை வேண்டும். செம்பனை எண்ணெயை அதிகமாக ஊற்றிச் சமைப்பதும் தீர்வாகாது. அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பாகும்.

இவை ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் செய்திகள் அல்ல. நம் அம்மாவுக்கோ அத்தைக்கோ மார்பில் ஒரு கட்டி தென்படலாம். “அறுவைச் சிகிச்சை வேண்டாம், இந்த மாத்திரையே போதும்” என்று யாரேனும் ஒரு புட்டியை நீட்டலாம். ‘ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது’ என அதன்மேல் அச்சிட்டும் இருக்கலாம். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. எந்த ஆய்வு? தட்டிலா, எலியிலா, மனிதரிடமா? எத்தனை பேரிடம்? வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தா, அதற்குப் பதிலாகவா? மேலே கண்ட 240 பெண்களுக்கும் வழக்கமான மருந்து வழங்கப்பட்டது என்பதை நினைவிற்கொள்க. கட்டியைக் கண்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்வதே முறை. ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோய்க்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு.

டோகோட்ரையெனோல் பற்றிய ஆய்வு இன்னும் முடியவில்லை. எட்டு மரணங்களைக் கொண்டு விடை காண இயலாத கேள்விக்கு, இன்னும் பெரிய ஆய்வே விடை தர முடியும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவரின் பேரனோ பேத்தியோ நாளை அவ்வாய்வில் பங்கேற்கலாம். விரும்பிய விடை கிடைக்காவிட்டாலும் கிடைத்த விடையை மறைக்காமல் எழுதும் மனம் அவருக்கு வேண்டும்.