ஐந்து சென்ட் புத்தகங்கள் கற்றுத் தந்த விற்பனைப் பாடம்

புத்தகம் வாங்குபவர் எழுத்தாளர் பட்ட பாட்டுக்காகக் காசு கொடுப்பதில்லை. தனக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் கொடுக்கிறார். இதை விற்பனைக் கணக்கைக் கொண்டே காட்டியவர் அமெரிக்கப் பதிப்பாளர் இமானுவேல் ஹால்டமன்-ஜூலியஸ். கான்சாஸ் மாநிலத்தின் ஜிரார்டு என்ற சிற்றூரில் 1919-இல் தொடங்கி, ‘லிட்டில் புளூ புக்ஸ்’ என்னும் சட்டைப்பை அளவு நூல்களைக் கோடிக்கணக்கில் அச்சிட்டு அஞ்சலில் விற்றார். 1920களில் ஒரு பிரதியின் விலை 5 சென்ட். அந்த அனுபவத்தை 1928-இல் தனி நூலாகவே எழுதி வைத்தார்.

அவருடைய விளம்பரங்களில் நூலைப் பற்றிய விளக்கமோ மதிப்புரையோ இருக்காது. செய்தித்தாள் பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் தலைப்புகள் மட்டுமே. வேண்டிய நூல்களின் எண்களைக் குறித்து வாசகர் பணம் அனுப்புவார். தலைப்பைத் தவிர நூலுக்காகப் பேச வேறு எதுவும் இல்லை. ஆண்டுக்கு 10,000 பிரதி விற்காத நூல், அவர் ‘ஆஸ்பத்திரி’ என்று அழைத்த பிரிவுக்குப் போகும். அங்கே பெரும்பாலும் நடந்த சிகிச்சை, தலைப்பை மாற்றுவது. தத்துவஞானி ஷோப்பன்ஹவரின் ‘விவாதக் கலை’யைச் சீந்துவாரில்லை. ‘தர்க்கமாக வாதிடுவது எப்படி’ என்று பெயர் மாறியதும் 30,000 பிரதிகள் போயின. உள்ளே ஒரு வரிகூட மாறவில்லை. ‘கலை’ என்றால் படிக்க வேண்டிய பாடம். ‘எப்படி’ என்றால் கைக்கு வரப்போகும் திறமை. வாசகர் இரண்டாவதைத்தான் வாங்கினார்.

தலைப்பை மாற்றுவதில் ஒரு சறுக்கலும் காத்திருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியேயின் ‘தங்கக் கம்பளி’ 1925-இல் 6,000 பிரதிகள் விற்றது. ‘பொன்னிறக் கூந்தல் காதலியைத் தேடி’ என்ற பொருளில் பெயர் மாறிய மறு ஆண்டில் 50,000. மலிவான உத்திதான், சந்தேகமில்லை. ஆனால் கதையும் அப்படியொரு பெண்ணைத் தேடிப் போகும் இளைஞனைப் பற்றியதே. உள்ளே இருப்பதைக் கவர்ச்சியாகச் சொல்லலாம். இல்லாததைச் சொன்னால் அடுத்த முறை அந்த வாசகர் வரமாட்டார். அஞ்சலில் திரும்பத் திரும்ப வாங்குபவரை நம்பிப் பிழைத்தவருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

தமிழ் நூல்களின் பின்னட்டைகள் பலவும் இன்னும் எழுத்தாளரையே சுற்றி வருகின்றன: பட்டங்கள், விருதுகள், எத்தனையாவது நூல் என்ற கணக்கு. சென்னைப் புத்தகக் காட்சியில் நூலைப் புரட்டி நிற்பவருக்கு இவற்றால் பயன் குறைவு. ‘மாடித் தோட்டம்: ஓர் அறிமுகம்’ என்பதைவிட, வாடகை வீட்டு மாடியில் பத்துத் தொட்டிகளில் வீட்டுக்கு வேண்டிய கீரையை எடுப்பது எப்படி என்று இரண்டு வரி சொன்னால் அவர் பக்கத்தைத் திருப்புவார். ஆதாயம் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நம்பும்படி இருக்கும். ‘உங்கள் வாழ்க்கையே மாறும்’ என்பதை யாரும் நம்புவதில்லை, எழுதியவர் உட்பட.

நாவலுக்கும் கவிதைக்கும் இந்தக் கணக்கு வேறு. அங்கே ஆதாயம் என்பது திறமையல்ல, அனுபவம். எந்த ஊர், எந்தத் தொழில், எந்தக் குடும்பத்தின் சிக்கலுக்குள் வாசகர் நுழையப்போகிறார் என்பதைச் சொன்னால் போதும். ‘மனித மனங்களின் ஆழத்தை அலசும் படைப்பு’ என்ற வாக்கியம் எந்த நாவலுக்கும் பொருந்தும். ஆகவே எந்த நாவலையும் விற்காது.

வாசகருக்குக் கிடைப்பது என்ன என்பதை எழுத்தாளரைவிட வாசகரே தெளிவாகச் சொல்வார். கையெழுத்துப் பிரதியை முன்கூட்டிப் படித்த நான்கைந்து பேரிடம், எந்தப் பக்கத்தை இன்னொருவருக்குக் காட்டத் தோன்றியது என்று கேட்க வேண்டும். பின்னட்டைக்கான வாசகம் பெரும்பாலும் அந்தப் பதிலில் இருக்கும். யாருக்கும் எந்தப் பக்கமும் தோன்றவில்லை என்றால், திருத்த வேண்டியது விளம்பரத்தை அல்ல, நூலை.